வெள்ள வரைபடத்தில் நீலமே இல்லை. கண்மாய்க்குக் கீழே மனை வாங்கலாமா?

கேள்வி: புதுமனை

மதுரையில் நத்தம் சாலையில் ஊமச்சிகுளம் தாண்டி 5 சென்ட் மனை பார்த்திருக்கிறோம். கண்மாய்க் கரையிலிருந்து கூப்பிடு தூரம், மடைக்குக் கீழ்ப்பக்கம். ஐரோப்பிய ஆணைய ஆராய்ச்சி மையத்தின் உலக வெள்ள அபாய வரைபடத்தில் அந்த இடத்தைத் தேடினேன். நூறாண்டு வெள்ளத்துக்குக்கூட, வெள்ளம் வரும் இடத்தைக் காட்டும் நீலம் அங்கே விழவில்லை. அப்பா வேண்டவே வேண்டாம் என்கிறார். முன்பணம் கொடுக்கலாமா?

பதில்: வரத்துக்கால்

தம்பி, இந்த வரைபடங்களோடுதான் என் வேலையே. அப்பா சொல்வதைக் கேளுங்கள்.

அந்த வரைபடம் பொய்யில்லை. ஆனால் அது பெரிய ஆறுகளுக்கானது. நீர்ப்பிடிப்பு (மழைநீர் வந்து சேரும் பரப்பு) 500 சதுர கிலோமீட்டருக்குக் குறைந்த ஓடைகள் அதன் கணக்கிலேயே வராது. நம் ஊர்க் கண்மாய்களுக்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் எதுவும் அந்த அளவுக்குக் கிட்டே போகாது. ஆக, நீலம் இல்லை என்றால் அங்கே யாரும் கணக்குப் போடவில்லை என்றுதான் அர்த்தம்.

இன்னொன்று, நில உயரம். வரைபடத்தின் ஒரு கட்டம் சுமார் 90 மீட்டர், அதற்கு ஒரே உயரம். கண்மாய்க் கரையின் மேல்தளம் ஒரு மாட்டுவண்டி போகிற அகலம்தான். அது அந்தச் சராசரியில் கரைந்துவிடும். கலுங்கு (உபரி நீர் வழியும் கட்டு) எந்த மட்டத்தில் வழியும், மறுகால் (வழிந்த நீர் ஓடும் கால்) எந்தப் பக்கம் திரும்பும், எங்கே ஆக்கிரமிப்பு என்பதெல்லாம் வரைபடம் போட்ட கணினி மாதிரிக்குத் தெரியாது. 2024 அக்டோபரில் செல்லூர்ப் பக்கம் பந்தல்குடி வாய்க்கால் ஓரம் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்ததே, அது வைகை கரை புரண்டு வந்ததில்லை. மழைத் தண்ணீரும் கண்மாய்த் தண்ணீரும்தான். மதுரைக்கு வடக்கே பயப்பட வேண்டியது இதற்குத்தான்.

பதில்: அயன்நஞ்சை

மடைக்குக் கீழே என்றால் அது ஆயக்கட்டு நிலம், அதாவது கண்மாய்ப் பாசனத்தில் நெல் விளைந்த வயல். கண்மாய் பெருகினால் தண்ணீர் பழைய வழியில்தான் வரும்.

புதுமனை

சரி அண்ணே. ஆனால் நூறாண்டுக்கு ஒருமுறைதானே? எங்கள் காலத்தில் வராது என்கிறார் புரோக்கர்.

வரத்துக்கால்

அவர் சொல்வது தவறு. எந்த ஆண்டிலும் வர நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பு என்பதுதான் கணக்கு. 30 வருட வீட்டுக்கடன் முடிவதற்குள் ஒருமுறையாவது வர சுமார் 26 சதவீதம் வாய்ப்பு. நாலில் ஒன்றுக்கு மேல்!

முன்பணம் கொடுக்கும் முன் கிராம நிர்வாக அலுவலரிடம் புலப்படம் (நில அளவை வரைபடம்) பாருங்கள். மனையை ஒட்டி வாய்க்கால் புறம்போக்கு ஓடுகிறதா என்று தெரியும். அப்புறம் அந்தக் கண்மாயின் நீர்பாய்ச்சியை (மடை திறந்து வயலுக்குத் தண்ணீர் விடுபவரை) தேடிப் பிடித்து, கடைசியாக மறுகால் போனபோது தண்ணீர் எதுவரை நின்றது என்று கேளுங்கள். அப்பாவையும் கூட்டிப் போங்கள்.