டிஸ்பேஸ்ல தினமும் ராத்திரி மைனஸ் பி போடணுமா?

மதுரை நூலகர்:
டிஸ்பேஸ்ல (நூலகத்து தீசிஸ், கட்டுரைகள ஏத்தி வச்சு தேட விடுற சாஃப்ட்வேர்) புது தீசிஸ் தேடல்ல வரலன்னு புலம்புறவங்களுக்கு சொல்றேன். கிரான்ல (குறிச்ச நேரத்துக்கு கட்டளைய தானா ஓட்டுறது) ராத்திரி 12 மணிக்கு இண்டெக்ஸ்-டிஸ்கவரி மைனஸ் பி (index-discovery -b, தேடல் இண்டெக்ஸ கட்டுற கட்டளை) போட்டு விட்டுருங்க. இது போடலன்னா புதுசு எதுவும் தேடல்ல வராது. அஞ்சு வருஷமா இப்படித்தான் ஓட்டுறேன்.

டெர்மினல் தம்பி:
"போடலன்னா வராது"ன்னு யார் சார் சொன்னது? ஐட்டம் அப்ரூவ் ஆனதுமே டிஸ்பேஸ் உள்ளயே இருக்குற டிஸ்கவரி கன்ஸ்யூமர் அத சோலர்ல, அதான் தேடல் இன்ஜின்ல, ஏத்திடும், உங்க டிஸ்பேஸ் டாட் சிஎஃப்ஜி செட்டிங் ஃபைல்ல ஈவெண்ட் டிஸ்பேட்சர் வரில டிஸ்கவரின்னு இருக்கான்னு முதல்ல பாருங்க. மைனஸ் பி-ன்னா இருக்குற இண்டெக்ஸ மொத்தமா அழிச்சுட்டு திரும்ப கட்டுறது. ஓடு ஒன்னு உடைஞ்சதுக்கு தினமும் வீட்டையே இடிப்பீங்களா?

மதுரை நூலகர்:
தம்பி, இங்க வாரத்துக்கு ரெண்டு தடவ கரண்ட் போகும். சோலர் படுத்திருக்கும்போது ஏத்துன ஐட்டம் டேட்டாபேஸ்ல இருக்கும், தேடல்ல இருக்காது. உங்க கன்ஸ்யூமர் வந்து காப்பாத்துமா? மைனஸ் பி தான் காப்பாத்தும்.

டெர்மினல் தம்பி:
அதுக்கும் மைனஸ் பி வேணாம் சார்!! எந்த ஆப்ஷனும் இல்லாம வெறும் இண்டெக்ஸ்-டிஸ்கவரி ஓட்டுனாலே கடைசியா மாத்துன தேதிய பாத்து விட்டுப்போனத மட்டும் ஏத்தும், அழிச்ச ஐட்டம் தேடல்ல ஒட்டிக்கிட்டு இருந்தா மைனஸ் சி, ஒரே ஒரு கலெக்‌ஷன்ல மட்டும் பிரச்சனைன்னா மைனஸ் ஐ போட்டு அதோட ஹேண்டில் (நிரந்தர அடையாள எண்) குடுத்தா போதும். எங்க கல்லூரில எனக்கு முன்னாடி இருந்தவரும் உங்கள மாதிரியே மைனஸ் பி போட்டு வச்சிருந்தார். 18,000 ஐட்டம், ஃபுல் டெக்ஸ்டோட. ஒரு நாள் காலைல 9 மணிக்கு ஒரு பிஎச்டி பொண்ணு கவுண்டர்ல நின்னு தன்னோட கைடு பேர அடிக்குது, ஜீரோ ரிசல்ட். ஸ்பெல்லிங் தப்போன்னு மூனு தடவ அடிச்சு பாக்குது. உள்ள போய் பாத்தா இண்டெக்ஸ் இன்னும் பாதி கூட கட்டி முடிக்கல. அந்த பொண்ணு முகம் இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கு.

சுவடிக்கூடம்:
சண்டைக்கு நடுவுல என் பிரச்சனையையும் கேளுங்க. தலைப்பு அடிச்சா வருது, தீசிஸ் உள்ள இருக்குற வார்த்தைய அடிச்சா வரல. இதுக்கு மைனஸ் பி போடணுமா?

மதுரை நூலகர்:
போடுங்க மேடம், வரும்.

டெர்மினல் தம்பி:
வராது மேடம். பிடிஎஃப்லேர்ந்து எழுத்த உருவுறது ஃபில்டர்-மீடியா, அது கிரான்ல இல்லன்னா இண்டெக்ஸ் பண்ண உள்ள ஒன்னுமே இருக்காது. 7.3 வெர்ஷன்லேர்ந்து இன்னொன்னு, டெக்ஸ்ட்எக்ஸ்ட்ராக்டர் மேக்ஸ்-கேர்ஸ்ங்கிற செட்டிங்க மாத்தாம சும்மா விட்டா 1,00,000 எழுத்தோட நின்னுடும், பெரிய தீசிஸ்ல பின்பாதி தேடல்ல சிக்காது.

சுவடிக்கூடம்:
ஃபில்டர்-மீடியா ஓடுதுங்க. தமிழ்த்துறை தீசிஸ் மட்டும்தான் சிக்கல், எல்லாம் பாமினிங்கிற பழைய தமிழ் ஃபாண்ட்ல டைப் பண்ணது.

டெர்மினல் தம்பி:
அப்ப அது யுனிகோடே இல்ல, சோலருக்கு வெறும் ஆங்கில எழுத்தா போய் சேந்திருக்கும். 'தமிழ்'னு தேடினா எப்படி வரும்? யுனிகோடுக்கு மாத்தி ஏத்தணும், இல்லன்னா டெசராக்ட்ங்கிற சாஃப்ட்வேர்ல தமிழ் ஓசிஆர் (பக்கத்தோட படத்துலேர்ந்து எழுத்த படிக்கிறது) பண்ணணும்.

பெட்டி சர்வர்:
கிரான ரூட்ல, அதான் சர்வரோட அட்மின் யூசர்ல, போட்டீங்களா? ரூட்ல ஓடுனா லாக் ஃபைல் ரூட் பேருக்கு போயி டிஸ்பேஸ ஓட்டுற டாம்கேட் சர்வரால எழுத முடியாம நிக்கும். டிஸ்பேஸ் யூசர்ல போடுங்க.

மதுரை நூலகர்:
நானும் ரூட்லதான் போட்டிருக்கேன், ஒன்னும் ஆகல. இந்த தம்பி டிஸ்பேஸ் 6 காலத்துல ஸ்கூல் போயிட்டு இருந்திருப்பார், நாங்க 1.8-லேர்ந்து பாக்குறோம்.

டெர்மினல் தம்பி:
1.8 பாத்தீங்க சரி, மைனஸ் பி என்ன பண்ணும்னு ஹெல்ப் ஒரு தடவ பாத்தீங்களா? போன வருஷமும் ஓஏஐ (மத்த தளங்க நம்ம ஐட்டம் விவரத்த எடுத்துக்குற வழி) பத்தி இப்படித்தான் வயசு பேசுனீங்க, ஓஏஐ இம்போர்ட் தனியா கிரான்ல போடணும்னு நான்தான் சொன்னேன், ஒரு வார்த்த நன்றி வரல.

மதுரை நூலகர்:
அத எனக்கு வேற ஒருத்தர் முன்னாடியே சொல்லிட்டாரு. என்கிட்ட மொத்தமே 2,000 ஐட்டம், 20 நிமிஷத்துல முடியுது. என் மைனஸ் பி அங்கயேதான் இருக்கும்.

டெர்மினல் தம்பி:
2,000 ஐட்டம்னு முதல்லயே சொல்லிருக்கலாம்ல? ஊருக்கே போடச் சொல்லிட்டு இப்ப வந்து... 20 நிமிஷம்னாலும் அந்த 20 நிமிஷம் தேடல் காலியாதான் இருக்கும் சார்.

மதுரை நூலகர்:
ராத்திரி 12 மணிக்கு எங்க லைப்ரரில யார் தேடுறா?

சுவடிக்கூடம்:
எங்க பசங்க தேடுவாங்க. பாமினிய மொத்தமா யுனிகோடுக்கு மாத்த ஏதாவது ஸ்கிரிப்ட் வச்சிருக்கீங்களா யாராவது?

டெர்மினல் தம்பி:
இருக்கு மேடம், தரேன். மதுரை சார் அதுக்கு முன்னாடி ஹெல்ப் பாத்துட்டு வந்து மைனஸ் பி-ன்னா என்னன்னு இங்க எழுதட்டும்.