மஞ்சக்குப்பம் வீடு (குடும்ப அரட்டைக் குழு): ‘ஐ ஆம் கன்வீனியன்ட்’ என்று எழுதலாமா?

யாழினி: பெரியப்பா, புதுச்சேரியில் ஒரு நிறுவனம் என்னை நேர்காணலுக்குக் கூப்பிட்டிருக்கிறது. திங்கட்கிழமை வரச் சொல்கிறார்கள். எனக்கு அன்று செய்முறைத் தேர்வு. செவ்வாய்க்கிழமை வருவதாக எழுத வேண்டும். "ஐ ஆம் நாட் கன்வீனியன்ட் டு கம் ஆன் மண்டே." இது சரியா?

கவின்: அனுப்பிவிடு. எங்கள் அலுவலகத்துக்கு இப்படித்தான் தினமும் மின்னஞ்சல் வருகிறது. யாரும் ஒன்றும் சொல்வதில்லை.

பெரியப்பா: யாரும் ஒன்றும் சொல்லாததால்தான் தினமும் வருகிறது. யாழினி, அனுப்பாதே. கன்வீனியன்ட் என்பது காரியத்தைப் பற்றிய சொல், ஆளைப் பற்றியது அல்ல. திங்கட்கிழமை வருவதுதான் வசதியாகவோ வசதியில்லாமலோ இருக்கும். நீ அப்படி இருக்க முடியாது. "இட் இஸ் நாட் கன்வீனியன்ட் ஃபார் மீ டு கம் ஆன் மண்டே" என்று எழுது.

யாழினி: தமிழில் "எனக்கு வசதிப்படாது" என்றுதானே சொல்கிறோம்?

பெரியப்பா: "எனக்கு" என்று சொல்கிறோம், "நான்" என்று சொல்வதில்லை. நீ வசதிப்படமாட்டாய் என்று தமிழில் யாராவது சொல்வார்களா? எனக்கு வசதி, எனக்குக் கடினம், எனக்கு அவசியம் என்று தமிழ் எல்லாவற்றையும் நான்காம் வேற்றுமையில் வைத்துவிடுகிறது. ஆங்கிலத்துக்குப் போகும்போது அந்தக் "கு"வை உதறிவிட்டு "ஐ" என்று தொடங்குகிறோம். அது பின்னால் "ஃபார் மீ" ஆகப் போக வேண்டும். முன்னிடத்தில் "இட்" உட்கார வேண்டும். "ஐ ஆம் டிஃபிகல்ட்" என்று எழுதினால், நான் ஒத்துப்போகாத ஆள் என்று பொருள் வந்துவிடும்.

கவின்: அதை நேர்காணலில் அவர்களே கண்டுபிடித்துக்கொள்வார்கள்.

யாழினி: 😡

செல்வி அத்தை: முதுநகர் துறைமுகத்தில் வஞ்சிரம் வந்திருக்கிறது. யாருக்கு வேண்டும்? பத்து மணிக்குள் சொல்லுங்கள்.

அம்மா: எங்களுக்கு ஒரு கிலோ. துண்டு போட்டே வாங்கிவிடுங்கள்.

யாழினி: அடுத்த வரி. "ஐ ஆம் வெரி ஹாப்பி தட் யூ ஹேவ் கால்ட் மீ." இதில் "தட்" வேண்டுமா, வேண்டாமா? ஒரு தோழி தேவையில்லை என்கிறாள்.

பெரியப்பா: இரண்டும் சரி. ஹாப்பி, க்ளாட், சாரி, ஷ்யூர், அஃப்ரைட் போன்ற புழக்கமான சொற்களுக்குப் பின்னால் பேச்சில் "தட்" பெரும்பாலும் விழுந்துவிடும். "ஐ ஆம் க்ளாட் யூ கேம்" என்றால் போதும். அலுவலகக் கடிதத்தில் வைத்துக்கொள்வது நல்லது. வாக்கியம் நீளமாகப் போனால் எது எங்கே தொடங்குகிறது என்று படிப்பவருக்குத் தெரியும். "வெரி"யை எடுத்துவிடு, அதனால் ஒரு பயனும் இல்லை.

செல்வி அத்தை: அண்ணா, அஃப்ரைட் என்றதும் நினைவு வந்தது. வீட்டுக்கடன் விண்ணப்பத்துக்குப் பதில் வந்திருக்கிறது. "வீ ஆர் அஃப்ரைட் தட் யுவர் அப்ளிகேஷன் இஸ் இன்கம்ப்ளீட்." கடன் கேட்டது நான், பயப்படுவது அவர்களா?

பெரியப்பா: பயமெல்லாம் இல்லை. பிடிக்காத செய்தியைச் சொல்லுமுன் போடும் மரியாதைச் சொல் அது. அஃப்ரைட்டுக்குப் பின்னால் "ஆஃப்" வந்தால் நிஜமான பயம். "ஷி இஸ் அஃப்ரைட் ஆஃப் டாக்ஸ்." "தட்" வந்தால் பெரும்பாலும் "வருந்துகிறோம்" என்றுதான் பொருள். எந்தக் காகிதம் குறைகிறது என்று பார்.

செல்வி அத்தை: வில்லங்கச் சான்று.

யாழினி: கடைசி வரி. "இட் இஸ் ஷ்யூர் தட் ஐ வில் கம் ஆன் டியூஸ்டே."

பெரியப்பா: "இட் இஸ் ஷ்யூர் தட்" என்று எழுதுவதில்லை. "இட் இஸ் சர்ட்டன் தட்" எழுதலாம், "இட் இஸ் க்ளியர் தட்" எழுதலாம். "ஷ்யூர் தட்" என்றால் முன்னால் ஆள் வேண்டும். "ஐ வில் கம் ஆன் டியூஸ்டே" என்று நேராக எழுதிவிட்டால் வேலை முடிந்தது.

பெரியப்பா: ஆனால் ஷ்யூரை அவ்வளவு எளிதாக விட மனமில்லை. இரண்டு வாக்கியம் தருகிறேன். "ஹி இஸ் ஷ்யூர் தட் ஹி வில் வின்." "ஹி இஸ் ஷ்யூர் டு வின்." வேறுபாடு என்ன? கவின், நீ சொல்.

கவின்: இரண்டும் ஒன்றுதானே மாமா. ஜெயித்துவிடுவான்.

பெரியப்பா: முதல் வாக்கியத்தில் நம்பிக்கை அவனுடையது. அவன் தோற்றாலும் வாக்கியம் பொய்யாகாது. இரண்டாவதில் நம்பிக்கை பேசுகிற என்னுடையது. அவனுக்குத் துளி நம்பிக்கை இல்லாவிட்டாலும் "ஹி இஸ் ஷ்யூர் டு வின்" என்று நான் சொல்லலாம். சொல் மாறவில்லை. பின்னால் வருவது "தட்"டா, "டு"வா என்பதில் நம்பிக்கை ஆள் மாறிவிட்டது.

யாழினி: தமிழிலும் இருக்கிறதே பெரியப்பா. "அவன் ஜெயிப்பது உறுதி" என்றால் சொல்பவரின் உறுதி. "ஜெயிப்போம் என்று உறுதியாக இருக்கிறான்" என்றால் அவனுடைய உறுதி.

பெரியப்பா: சபாஷ். நாற்பது பேர் இருந்த வகுப்பில்கூட இதை யாரும் இப்படிச் சொன்னதில்லை.

புதுவைத் தாத்தா: மாப்பிள்ளை, காலையிலிருந்து படித்துக்கொண்டிருக்கிறேன். ஷ்யூர் விஷயத்தில் பிரெஞ்சுக்காரனும் கில்லாடி. நான் பள்ளியில் படித்தது அவன் கொடி இறங்குவதற்கு முன்னால், 1954க்கு முன்னால். "ழெ சுயி சூர் கில் வியாந்த்ரா." அவன் வருவான் என்று எனக்கு நிச்சயம். இதையே இல்லை என்று மாற்றினால், "ழெ ந சுயி பா சூர் கில் வியேன்." வியாந்த்ரா வியேன் ஆகிவிட்டது பார். நிச்சயம் போனதும் வினைச்சொல்லின் உருவமே மாறிவிடுகிறது.

பெரியப்பா: அருமை மாமா. ஆங்கிலத்தில் வினை அப்படியே இருக்கும், இணைப்புச் சொல் மாறும். "ஐ ஆம் ஷ்யூர் தட் ஹி வில் கம்." இல்லை என்றால் "ஐ ஆம் நாட் ஷ்யூர் வெதர் ஹி வில் கம்." "வெதர்" இடத்தில் "இஃப்" போடலாம். வென், வேர், வாட் எல்லாம்கூட வரும். சந்தேகம் நுழைந்தால் கேள்விச் சொல்லும் கூடவே நுழையும். "வருவான் என்று நிச்சயம்", "வருவானா என்று தெரியவில்லை" என்று நாம் "ஆ" போடுகிறோமே, அதே கணக்கு.

புதுவைத் தாத்தா: "தட்" விழும் என்றீர்களே, அது பிரெஞ்சில் நடக்காது. "தட்"டுக்கு ஈடான "க" விழவே விழாது. "ழெ சுயி கோந்தான் க து சுவா வெனு." நீ வந்ததில் மகிழ்ச்சி. அந்தக் "க"வை விட்டால் எங்கள் வாத்தியார் பிரம்பை எடுத்துவிடுவார். மகிழ்ச்சி, வருத்தம், பயம் என்று மனசு சம்பந்தப்பட்ட அட்ஜெக்டிவ் எல்லாவற்றுக்கும் பின்னால் வியேன், "சுவா" போன்ற உருவம் மாறிய வினைதான்.

கவின்: எங்கள் மேலாளர் நேற்று அனுப்பிய கடிதத்தில் "இட் இஸ் எசென்ஷியல் தட் கவின் பி ப்ரெசென்ட்" என்று இருந்தது. "இஸ்" போட வேண்டிய இடத்தில் "பி" என்று தட்டச்சுப் பிழை செய்துவிட்டார் என்று மேஜைக்கு மேஜை சொல்லிச் சிரித்தோம்.

பெரியப்பா: அது பிழை இல்லையப்பா. எசென்ஷியல், இம்பார்ட்டன்ட், நெசசரி போன்ற சொற்களுக்குப் பின்னால், ஒன்று நடந்தாக வேண்டும் என்று சொல்லும்போது, வினை இப்படி மொட்டையாக நிற்கும். தாத்தா சொன்ன பிரெஞ்சு வடிவத்துக்கு ஒன்றுவிட்ட தம்பி. பிரிட்டனில் "ஷுட் பி ப்ரெசென்ட்" என்றும் நிறையவே எழுதுவார்கள். உன் மேலாளருக்கு ஆங்கிலம் தெரிகிறது.

கவின்: சிரித்தவர்களிடம் இப்போது என்ன சொல்வது?

அம்மா: போய் ப்ரெசென்ட் ஆகு, அது போதும்.

யாழினி: அனுப்பிவிட்டேன் பெரியப்பா. மூன்றே வரி.

பெரியப்பா: நல்லது. இன்னும் ஒன்று இருக்கிறது, அதைச் சொல்லாவிட்டால் எனக்குச் சாப்பாடு இறங்காது. நோம் சோம்ஸ்கி என்ற மொழியியல் அறிஞர் பேர்பெற்ற ஒரு ஜோடி வாக்கியம் வைத்திருக்கிறார். "ஜான் இஸ் ஈகர் டு ப்ளீஸ்." "ஜான் இஸ் ஈசி டு ப்ளீஸ்." பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள். முதலாவதில் மற்றவர்களைச் சந்தோஷப்படுத்தத் துடிப்பவன் ஜான். இரண்டாவதில் ஜானைச் சந்தோஷப்படுத்துவது மற்றவர்களுக்கு எளிது. யார் செய்கிறார், யாருக்குச் செய்கிறார் என்பதே தலைகீழ்.

செல்வி அத்தை: எங்கள் வீட்டுக்காரர் ஈசி. நெத்திலி வறுவல் இருந்தால் போதும்.

பெரியப்பா: சோம்ஸ்கியின் முதல் மனைவி, காலஞ்சென்ற கரோல் சோம்ஸ்கியும் மொழியியல் அறிஞர். ஐந்து முதல் பத்து வயதுப் பிள்ளைகளை வைத்து அவர் செய்த ஆய்வு 1969இல் வெளிவந்தது. ஒரு பொம்மையின் கண்ணைக் கட்டிவிட்டு, "இந்த டால் ஈசி டு சீயா, ஹார்ட் டு சீயா?" என்று கேட்டார். பொம்மை கண்ணெதிரே இருக்கிறது, அதைப் பார்ப்பது எளிதுதான். ஆனால் சின்னப் பிள்ளைகளில் பலர் ஹார்ட் என்றார்கள். பார்க்க வேண்டியது பொம்மை என்று எடுத்துக்கொண்டுவிட்டார்கள். வீட்டில் ஆங்கிலம் பேசி வளர்கிற பிள்ளைகளுக்கே இது பிடிபட வருஷங்கள் ஆகின்றன.

செல்வி அத்தை: பேரனும் பேத்தியும் இங்கேதான் இருக்கிறார்கள். சின்னவன் யூகேஜி, பெரியவள் நான்காம் வகுப்பு. கேட்டுப் பார்க்கட்டுமா?

பெரியப்பா: கேள். தனித்தனியாகக் கேள். ஆங்கிலத்திலேயே கேள்.

செல்வி அத்தை ஒரு படம் அனுப்பியிருக்கிறார்: கண்ணில் கைக்குட்டை கட்டிய கரடி பொம்மை.

செல்வி அத்தை: சின்னவன் "ஹார்ட்" என்றான். ஈசி ஆக்கு என்றேன், கைக்குட்டையை அவிழ்த்துவிட்டான்.

புதுவைத் தாத்தா: அப்படியே அந்த அம்மா சொன்னது!

யாழினி: பெரியவள்?

செல்வி அத்தை: "இதோ எதிரில்தானே இருக்கிறது பாட்டி, ஈசி" என்று சொல்லிவிட்டு, இதைப் போய்க் கேட்கிறீர்களே என்று என்னைப் பார்த்தாள். அண்ணா, வஞ்சிரம் தீர்ந்துவிட்டதாம். சங்கரா வாங்கட்டுமா?

பெரியப்பா: வாங்கு. ஐ ஆம் ஈசி டு ப்ளீஸ்.