டெங்கு, உண்ணி வைரஸ் ஆய்வகங்களில் வேலை பார்த்தவர்கள் அனுபவம் சொல்லுங்கள்

டெங்கு வைரஸ் எப்படிப் பெருகுகிறது என்பதுதான் என் முனைவர் பட்ட ஆய்வு. சி6/36 என்ற கொசு செல்களை 28 டிகிரியில் வளர்த்து, அதில் வைரஸைப் பெருக்குவோம். அப்புறம் குரங்குச் சிறுநீரகத்திலிருந்து வந்த வீரோ செல்களில், 37 டிகிரியில், எண்ணுவோம். கொசு செல்கள் வைரஸை வாரிக் கொட்டிவிட்டுப் பெரும்பாலும் ஒன்றுமே நடக்காததுபோல் இருக்கும். வீரோ செத்துவிடும். அதனால்தான் எண்ண முடிகிறது.

எண்ணுவது எனக்குப் பிடித்த வேலை. வைரஸ் திரவத்தைப் பத்துப் பத்து மடங்காக நீர்க்கவைத்து வீரோ மேல் விட்டு, கொழகொழப்பான செல்லுலோஸ் கரைசலால் மூடுவோம். வைரஸ் தூரம் போகாமல் பக்கத்துச் செல்லை மட்டும் பிடிக்கும். ஒரு வாரம்போல் ஆனதும் கழுவிவிட்டு கிரிஸ்டல் வயலட் ஊற்றினால், மிஞ்சிய செல்கள் ஊதாவாகும், செத்த இடம் வெள்ளைப் பொட்டாகத் தெரியும். பிளேட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பேனாவால் புள்ளி வைத்துக்கொண்டே எண்ணவேண்டும். சாயம் விரலில் பட்டால் லேசில் போகாது!

புதிதாக வருபவர்களுக்கு ஒன்று. சி6/36இல் டைசர்-2 புரதம் சரியாக வேலை செய்யாது, அதாவது வைரஸ் ஆர்என்ஏவை வெட்டிப்போட கொசுவுக்கு இருக்கும் முக்கிய ஆயுதமே அங்கு இல்லை. வீரோவும் வைரஸ் வந்தால் அதை எதிர்க்கும் இன்டர்ஃபெரான் புரதத்தைச் சுரக்காது. இரண்டுமே காவல்காரன் இல்லாத வீடு. வைரஸ் தாராளமாகப் பெருகுவது அதனால்தான். அங்கே கண்டதை வைத்து “கொசுவில் இப்படித்தான்” என்று எழுதிவிடாதீர்கள். டைசர்-2 வேலை செய்யும் ஏஏஜி2 என்ற கொசு செல்லிலும் ஒருமுறை பாருங்கள்.

பதில்:

உங்களுக்குக் கொசு செல்லாவது சட்டென்று வளர்கிறது. நான் வைத்திருப்பது ஐஎஸ்இ6, உண்ணி செல். நகரவே நகராது. செல் வளரும் திரவத்தை மாற்றிக்கொண்டு காத்திருக்க வேண்டியதுதான்.

ஆசைப்பட்டது 1957இல் ஷிமோகா பக்கம் குரங்குகள் செத்து விழுந்தபோது தெரியவந்த, உண்ணி பரப்பும் க்யாசனூர் காட்டு வைரஸ். அதற்கு உயர்பாதுகாப்பு ஆய்வகம் வேண்டும், எங்கள் பல்கலைக்கழகத்தில் கிடையாது. அதனால் 1956இல் மலேசிய உண்ணிகளில் கிடைத்த லங்காட் வைரஸை எடுத்தேன். அதே குடும்பம், ஆனால் சாது. சுமார் 11,000 எழுத்து ஆர்என்ஏ, ஒரே நீளப் புரதம், அதைப் பத்தாக வெட்டுவது, என்எஸ்5 புரதம் நகலெடுப்பது எல்லாம் டெங்கு மாதிரியேதான்.

“லங்காட்டில் கண்டது க்யாசனூருக்குப் பொருந்துமா?” என்று ஒவ்வொரு கூட்டத்திலும் யாராவது கேட்பார்கள். நகலெடுக்கும் முறை வரைக்கும் தைரியமாகப் பேசுவேன். நோயின் கடுமை பற்றிக் கேட்டால், என் வைரஸ் அதற்குச் சாட்சி சொல்லாது என்று சொல்லி அடுத்த ஸ்லைடுக்குப் போய்விடுவேன்.