புதுச்சேரிக்கு வடக்கே கடல் எவ்வளவு உள்ளே வந்திருக்கிறது, செயற்கைக்கோள் படத்தில் அளக்க முடியுமா?

குப்பத்துக்காரன்:
எங்கள் ஊர் புதுச்சேரித் துறைமுகத்துக்கு வடக்கே உள்ள ஒரு மீனவக் குப்பம். முகத்துவாரத்தில் கல் சுவர் கட்டிய பிறகுதான் மணல் போனது என்று பெரியவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள், ஆனால் கூட்டத்தில் பேசினால் ஆதாரம் கேட்கிறார்கள். கூகுள் எர்த்தில் பழைய படங்களைப் பார்த்தால் கரை ஒன்றில் உள்ளே இருக்கிறது, அடுத்ததில் வெளியே இருக்கிறது. நம்பும்படி அளக்க என்ன வழி? காசு கட்ட வேண்டுமா?

வரைபடப்பிரியன்:
காசே வேண்டாம். லேண்ட்சாட் என்ற அமெரிக்கச் செயற்கைக்கோள்களின் படங்கள் எல்லாமே 2008 முதல் இலவசம். 1970களின் படங்களும் உண்டு, ஆனால் அவற்றில் ஒரு பிக்சல், அதாவது படத்தின் ஒரு புள்ளி, தரையில் ஏறக்குறைய 80 மீட்டர், கரை அளக்க அது போதாது. 1984இல் ஏவிய லேண்ட்சாட் 5இல் 30 மீட்டர். 1980களின் பிற்பகுதியில் மேகம் இல்லாத படமாக ஒன்றைத் தேடுங்கள். 2015க்குப் பிறகு சென்டினல்-2 என்ற ஐரோப்பியச் செயற்கைக்கோள் இருக்கிறது, அதில் 10 மீட்டர். அகச்சிவப்புப் பட்டையில், அதாவது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியில் பதிவான படத்தில், தண்ணீர் கறுப்பாகவும் மணல் வெளிச்சமாகவும் தெரிவதால் கோடு போடுவது சுலபம்.

ஆனால் மாதத்தைக் கவனியுங்கள். வடகிழக்குப் பருவமழையில் அலை மணலை அரித்துக்கொண்டு போய், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பச் சேர்க்கும். ஒரு வருடத்து டிசம்பரையும் இன்னொரு வருடத்து ஜூலையையும் ஒப்பிட்டால் குழப்பம்தான் மிஞ்சும். எல்லாமே பிப்ரவரி, மார்ச் படங்களாக இருக்கட்டும். அப்புறம், கூகுள் எர்த் படங்கள் ஒன்றுக்கொன்று சில மீட்டர் நகர்ந்திருக்கும். மாறாத ஒரு சாலைச் சந்திப்பை வைத்துச் சரிபாருங்கள். கோபுரம் மாதிரி உயரமானது வேண்டாம், சாய்வாக எடுத்த படத்தில் அதன் உச்சி இடம் மாறித் தெரியும். ஒரு பிக்சலே 30 மீட்டர் என்பதால், லேண்ட்சாட்டை வைத்துப் பத்து மீட்டர் போனது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், உங்கள் எதிர்த்தரப்பு அதையே பிடித்துக்கொள்ளும்.

நெய்தல்:
நண்பரே, உங்கள் ஊர்க் கரையை மட்டும் வரையாதீர்கள், துறைமுகத்துக்குத் தெற்கேயும் வரையுங்கள். இந்தக் கடலில் வருடக் கணக்கில் பார்த்தால் மணல் தெற்கிலிருந்து வடக்கேதான் போகிறது. சுவர் அதை மறிக்கும்போது தெற்கே சேரும், வடக்கே பஞ்சமாகும். இரண்டையும் ஒரே வருடங்களில் காட்டினால்தான் "கடல் எங்கேயும்தான் அரிக்கிறது" என்ற பேச்சு எடுபடாது.

கல் கொட்டிய இடத்தில் கோடு அப்படியே நிற்பதைப் பார்த்து அரிப்பு நின்றது என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். முன்னால் இருந்த மணல் போயிருக்கும், அரிப்பு அடுத்த குப்பத்துக்கு நகர்ந்திருக்கும். தண்ணீருக்கு அடியில் எவ்வளவு மணல் குறைந்தது என்பதை இந்தப் படங்களில் அளக்க முடியாது, அதற்குப் படகில் போய் ஆழம் பார்க்க வேண்டும்.

குப்பத்துக்காரன்:
ரொம்ப நன்றி. கடலில் போன வீடுகளுக்குப் பட்டா இன்னும் கையில் இருக்கிறது. அதை இந்தப் படத்தோடு சேர்க்க முடியுமா?

வரைபடப்பிரியன்:
முடியும், அதை முதலில் செய்யுங்கள். பட்டாவில் உள்ள சர்வே எண்ணுக்குப் புல வரைபடம் (நிலத்தின் எல்லைகளை அளவோடு காட்டும் படம்) வாங்கி, கியூஜிஐஎஸ் (QGIS) என்ற இலவச வரைபட மென்பொருளில் படத்தின் மேல் பொருத்துங்கள். எந்த மனை எந்த வருடப் படத்தில் கரைக்கு வெளியே போகிறது என்று தனித்தனியாகக் காட்டலாம்.