சான் பிரான்சிஸ்கோவில் பெருமந்தக் காலத்துக் கட்டடங்கள்: எதைப் பார்க்கலாம்?

ஊர்சுற்றி:
அடுத்த மாதம் சான் பிரான்சிஸ்கோ போகிறேன், ஒரு நாள் முழுக்க என் கையில் இருக்கும். 1930களில் பொருளாதாரம் சரிந்த பெருமந்தத்தின்போது வேலையில்லாதவர்களுக்கு வேலை கொடுக்க அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட்டின் அரசு கட்டிய கட்டடங்களைப் பார்க்க ரொம்ப நாள் ஆசை. கோய்ட் டவர் என்ற கோபுரம் டபிள்யூ.பி.ஏ. (அந்த அரசின் வேலை கொடுக்கும் அமைப்பு) கட்டியதுதானே? வேறு என்ன இருக்கிறது? அப்புறம், பி.டபிள்யூ.ஏ. என்றும் ஒன்று சொல்கிறார்களே, அது என்ன?

சுவரோவியன்:
கோபுரம் அரசுப் பணத்தில் கட்டியதல்ல. லில்லி ஹிட்ச்காக் கோய்ட் என்ற பெண்மணி நகரத்துக்கு எழுதிவைத்த சொத்தில் 1933இல் எழுப்பியது. உள்ளே இருக்கும் சுவரோவியங்களுக்குத்தான் அரசு கூலி கொடுத்தது, அதுவும் டபிள்யூ.பி.ஏ. அல்ல, 1934இல் ஓவியர்களுக்கென்றே சில மாதங்கள் நடந்த வேறொரு திட்டம். அந்த வருடம் துறைமுகத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் ஊரே கொதித்துக்கொண்டிருந்தது, பெர்னார்ட் ஸாக்ஹைம் வரைந்த நூலகக் காட்சியிலோ ஒருவர் அலமாரியில் மார்க்ஸின் புத்தகத்துக்குக் கை நீட்டுகிறார், கேட்கவா வேண்டும், திறப்பையே தள்ளிவைத்தார்கள். கிளிஃபோர்ட் வைட் வரைந்த அரிவாள் சுத்தியலை அழித்தும்விட்டார்கள். மேலே ஏறிக் கடலை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள், தரைத்தளத்தை நிதானமாகச் சுற்றுங்கள்.

கடற்கரைக்காரி:
ஒரே ஒரு இடத்துக்குத்தான் நேரம் என்றால் அக்வாட்டிக் பார்க் போங்கள். அங்கே உள்ள குளியல் மாளிகை முழுக்க முழுக்க டபிள்யூ.பி.ஏ. வேலை, 1936இல் தொடங்கி 1939இல் திறந்தார்கள், இப்போது கடல்சார் அருங்காட்சியகம். வளைந்த முனைகள், வட்ட ஜன்னல்கள், கம்பிக் கைப்பிடிகள் என்று கரையில் நிற்கும் வெள்ளைக் கப்பல் மாதிரியே இருக்கும். உள்ளே ஹிலேர் ஹைலர் வரைந்த கடலடி உலகம். வாசலில் பச்சைக் கல்லைச் செதுக்கியவர் சார்ஜென்ட் ஜான்சன், கறுப்பினச் சிற்பி. பின்பக்கத் தாழ்வாரத்தில் அவர் ஓடுகள் பதித்துச் செய்த சித்திரம் பாதியில் நிற்கும். பொதுமக்களுக்கென்று கட்டியதைத் தனியார் உணவகத்துக்குக் குத்தகைக்கு விடப்போகிறார்கள் என்று தெரிந்ததும் வேலையை விட்டுவிட்டார். மக்கள் பணத்தில் எழுந்த இடம் மக்களுக்கே இருக்க வேண்டும் என்று நினைக்கிற யாரும் அந்தத் தாழ்வாரத்தில் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும்.

பழங்கணக்கு:
கடைசிக் கேள்விக்கு: 1933இல் வந்த பி.டபிள்யூ.ஏ. பெரிய கட்டுமானங்களுக்குப் பணம் கொடுத்தது, வேலையைத் தனியார் ஒப்பந்ததாரர்கள் செய்தார்கள். 1935இல் வந்த டபிள்யூ.பி.ஏ.வில் பெரும்பாலும் அரசே ஆளை எடுத்துக் கூலி கொடுத்தது, 1943இல் மூடுவதற்குள் சுமார் 85 லட்சம் பேர் அதில் வேலை பார்த்திருந்தார்கள். ஆகவே கட்டடத்தில் உள்ள பலகையில் எழுத்து எந்த வரிசையில் இருக்கிறது என்று கவனியுங்கள்.
ரின்கான் அனெக்ஸ் பழைய தபால் நிலையத்தையும் விடாதீர்கள். ஆன்டன் ரெஃப்ரெஜியரின் 27 ஓவியங்களில் சீனத் தொழிலாளர்கள் அடி வாங்கியதும் 1934 வேலைநிறுத்தமும் மறைக்காமல் வரையப்பட்டிருக்கின்றன. 1953இல் நாடாளுமன்றம் வரை போய் அவற்றை அகற்றப் பார்த்தார்கள், ஊர்க்காரர்கள் விடவில்லை.

ஊர்சுற்றி:
நன்றி. சரி, காலையில் அக்வாட்டிக் பார்க், அங்கிருந்து கோய்ட் டவர், மாலையில் ரின்கான்.