புதுப்பிப்பு: மனச்சோர்வும் உடற்பயிற்சியும் – ‘தினம் 30 நிமிடம்’ பற்றி ஒரு திருத்தம்

தினமும் 30 நிமிட வேக நடை என்று முன்பு எழுதியிருந்தோம். பலர் இரண்டே நாளில் நிறுத்திவிட்டதாகச் சொன்னார்கள். இலக்கில் பிழையில்லை, தொடக்கம்தான் அளவுக்கு மீறிப் பெரிதாகிவிட்டது. மனச்சோர்வில் ஒரு நாள் தவறினாலே ‘என்னால் எதுவும் முடியாது’ என்ற எண்ணம் ஒட்டிக்கொள்ளும்.

முதல் வாரம் 10 நிமிடம், மூன்று நாள் போதும். பிறகு வாரத்துக்கு 5 நிமிடம் கூட்டுங்கள். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அதுதான் வேகம். எழவே முடியாத நாளில் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து ஷூ நாடாவைக் கட்டி, வாசல் வரை போய்த் திரும்புங்கள். அதுவும் கணக்கில் சேரும். மனசு வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். இந்த நோயில் செயல்தான் முந்தி, விருப்பம் பிந்தி.

1999இல் வெளியான ட்யூக் பல்கலைக்கழக ஆய்வில் (50 வயதும் அதற்கு மேலும் ஆன 156 பேர்) 16 வார முடிவில் பயிற்சியும் செர்ட்ராலின் என்ற மனச்சோர்வு மாத்திரையும் ஏறக்குறைய சமம். ஆனால் மாத்திரைதான் சீக்கிரம் வேலை செய்யத் தொடங்கியது. ஆகவே நடையைப் பற்றி இரண்டு வாரத்தில் தீர்ப்பு எழுதாதீர்கள்.

மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். திடீரென விட்டால் தலைசுற்றல், தூக்கக்கேடு வரலாம். சாக வேண்டும் என்ற நினைப்பு வந்தால் நடை அப்புறம், இன்றே மருத்துவரிடம் போங்கள்.