பெரம்பூர் இன்ஜின் பலகையில் 1855 என்று போடலாமா?

லோகோஷெட் பேரன்:
நேற்று இங்கே ஒருவர் எழுதியதைப் படித்த பிறகு ராத்திரி சோறு இறங்கவில்லை. பெரம்பூர் லோகோ ஒர்க்ஸ் 2010ல் ஓட்டிக் காட்டிய இ.ஐ.ஆர். 21 (ஈஸ்ட் இந்தியன் ரயில்வேயின் நீராவி இன்ஜின்) பழைய இன்ஜினே இல்லையாம், 1855 என்று சொல்வது ஏமாற்றாம், அதற்குப் புதிதாகவே ஒன்று செய்திருக்கலாமாம். நூறு வருடத்துக்கு மேல் ஜமால்பூரிலும் ஹவுராவிலும் காட்சிப்பொருளாக நின்ற வண்டி அது. எழுப்பி நடக்கவைத்தது நம்ம பெரம்பூர். லீட்ஸ் நகரத்தில் 1855ல் செய்தது. 1855 என்றால் 1855. இதில் எங்கே ஏமாற்று?

டார்ச்லைட்:
அந்த "ஒருவர்" நான்தான், பெயர் சொல்லியே திட்டலாம். ஒரே கேள்வி: அந்த வண்டியில் எத்தனை சதவீதம் 1855? காணாமல் போனதும் துருப்பிடித்ததும் பெரம்பூரில் புதிதாகச் செய்யப்பட்டவைதானே? செய்தவர்கள் கெட்டிக்காரர்கள், மறுக்கவில்லை. அப்புறம் ஏன் அவர்கள் வேலைக்கு லீட்ஸ்காரன் பெயர்?

லோகோஷெட் பேரன்:
என் தாத்தா பேசின் பிரிட்ஜ் ஷெட்டில் கிளீனராகச் சேர்ந்து, இன்ஜினுக்குக் கரி அள்ளிப் போடும் ஃபயர்மேனாக ரிட்டயர் ஆனவர். டியூப் (பாய்லருக்குள் நெருப்புச் சூடு போகும் குழாய்) மாற்றாத பாய்லர் இந்த உலகத்தில் கிடையாது என்பார். தண்ணீரில் இருக்கும் உப்பு உள்ளே படிந்துகொண்டே போகும், அதுவும் வடசென்னைத் தண்ணீர் குடித்த இன்ஜினுக்குக் கேட்கவே வேண்டாம். டியூப் மாறும், பாய்லர் மாறும், சக்கரத்தைச் சுற்றிய இரும்பு டயர் மாறும். இங்கிலாந்தில் 1923ல் செய்த ஃப்ளையிங் ஸ்காட்ஸ்மேன் எத்தனை பாய்லர் மாற்றியிருக்கிறது! அதை யாராவது டூப்ளிகேட் என்றார்களா? கோயிலுக்குக் கும்பாபிஷேகம் செய்து கோபுரத்துக்குப் புது சுதை வைக்கிறோம். சோழர் காலத்துக் கோயில் இல்லை என்று யாராவது எழுந்து போனார்களா?

டார்ச்லைட்:
கோயிலுக்குள் ஆவி அழுத்தம் ஏற்றி யாரும் ஓட்டுவதில்லை. எத்தனை சதவீதம் என்று கேட்டேன். தாத்தா கதை கேட்கவில்லை.

ஃப்ளையிங் ஸ்காட்ஸ்மேன் பேச்சை எடுத்ததும் நல்லதுதான். அதைச் சரிசெய்ய 2006ல் ஆரம்பித்து 2016ல் முடித்தார்கள், 42 லட்சம் பவுண்டு ஆனது. அதே நாட்டில் டோர்னடோ என்ற இன்ஜினைச் சுத்தமாகப் புதிதாகச் செய்து 2008ல் ஓடவிட்டார்கள். சுமார் 30 லட்சம் பவுண்டு. பாய்லர் ஜெர்மனியில் செய்தது, தகடுகளைச் சேர்க்கும் ரிவெட் ஆணியே கிடையாது, முழுக்க வெல்டிங். பலகையில் பொய் எழுதவில்லை.

லோகோஷெட் பேரன்:
டோர்னடோ ஜாதி இன்ஜின் 49 இருந்தது. 49ஐயும் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்கள். ஒன்று மிஞ்சியிருந்தால் புதிதாகச் செய்திருப்பார்களா? வீட்டில் அம்மா இல்லாதவன்தான் மெஸ்ஸில் சாப்பிடுவான்.

மலைக்கோட்டை மச்சான்:
அப்படியா? ஊட்டி லைனுக்குப் பழைய சுவிட்சர்லாந்து இன்ஜின் இருக்கும்போதே எங்கள் திருச்சி பொன்மலை ரயில்வே ஒர்க்ஷாப்பில் 2011 முதல் எண்ணெயில் ஓடும் புது எக்ஸ் கிளாஸ் மலை இன்ஜின் செய்தார்கள். 2021ல் கரியில் ஓடுவதும் வந்தது. செய்தது பொன்மலைக் கை. மலையில் ஆளை ஏற்றிக்கொண்டு போவது அதுதான். உங்கள் பெரம்பூர் வண்டி கொடி அசைக்கும் நாளில் மட்டும் வரும்.

லோகோஷெட் பேரன்:
"எங்கள் பொன்மலை" என்று ஆரம்பித்துவிட்டீர்களா, சரி. திருடர்கள் பாகங்களைக் கழற்றிக்கொண்டு போன ஃபேரி குயின் இன்ஜினைச் சரிசெய்ய எங்கே அனுப்பினார்கள்? பொன்மலைக்கா, பெரம்பூருக்கா? அதுவும் 1855தான், இ.ஐ.ஆர். 22.

டார்ச்லைட்:
திருடியதும் போய்விட்டது, மாட்டியதும் புதுசு. சதவீதம் இன்னும் குறைந்திருக்கும். எத்தனை?

ராயபுரம் ராஜா:
இந்தியாவின் முதல் ஸ்டேஷன் இருக்கிற ஊரில் உட்கார்ந்துகொண்டு லண்டன் கதை எதுக்கு நைனா?

கரித்தூள்:
முதல் ஸ்டேஷன் இல்லை ராஜா அண்ணே. பம்பாயில் 1853லேயே ரயில் விட்டாச்சு. ராயபுரம் 1856. தென்னிந்தியாவில் முதல் என்று சொல்லுங்க.

ராயபுரம் ராஜா:
பம்பாயில் அந்தக் கட்டடம் இப்போ இருக்கா? எங்களது இருக்கு. தூண் தூணா நிக்குது, வந்து பார்.

டார்ச்லைட்:
பாருங்கள், ராயபுரம் கட்டடத்தையும் 2005ல் புதுப்பித்தார்கள். ஆனால் சுவர் அதே சுவர். அதனால் 1856 என்றால் ஒத்துக்கொள்வேன். இன்ஜினில் "சுவர்" எது, அது எவ்வளவு மிச்சம்? அதைத்தான் மூன்று தடவை கேட்டுவிட்டேன்.

லோகோஷெட் பேரன்:
நீங்கள் சதவீதம் கேட்பது இருக்கட்டும். போன வருடம் ஐ.சி.எஃப். (ரயில்பெட்டித் தொழிற்சாலை) ரயில் மியூசியத்துக்குக் கூட்டமாகப் போனபோது நான் எடுத்த படத்தில் என் பெயரை வெட்டிவிட்டு உங்கள் பெயரைப் போட்டீர்களே. அந்தப் படத்தில் எத்தனை சதவீதம் உங்களுடையது?

டார்ச்லைட்:
அது தெரியாமல் நடந்தது, அப்போதே சொன்னேன். இன்ஜினுக்கு பதில் இல்லை என்றதும் படத்துக்குப் போகிறீர்கள்.

லோகோஷெட் பேரன்:
பதில் இருக்கிறது. பலகையில் வருடத்தை எழுதுவது எடை போட்டு இல்லை. 1855ல் பிறந்தது, செத்தது, பெரம்பூரில் எழுந்தது. பிறந்த வருடம் மாறாது. என் தாத்தாவுக்கு 60 வயதில் பல் செட் கட்டினோம், அதற்காக ரேஷன் கார்டில் வயதைக் குறைத்தோமா?

கரித்தூள்:
பல் செட் சரி அண்ணே. ஆளே பாதி செட்டாக இருந்தால்?

மலைக்கோட்டை மச்சான்:
ஹாஹா.

லோகோஷெட் பேரன்:
சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம். கொதிக்கிற பாய்லர் பக்கத்தில் ஒரு மணி நேரம் நின்றவன் எவனும் இப்படிப் பேசமாட்டான். கடைசியாகச் சொல்கிறேன், 1855.

டார்ச்லைட்:
எத்தனை சதவீதம்?

ராயபுரம் ராஜா:
ஞாயிற்றுக்கிழமை பீச் ஸ்டேஷன் பக்கம் அத்தோ (பர்மா நூடுல்ஸ்) சாப்பிட யார் வர்றீங்க? சண்டையை அங்கே வெச்சுக்கலாம்.

லோகோஷெட் பேரன்:
படத்தில் என் பெயரைப் போட்டால் வருகிறேன். இன்னொரு விஷயம், கடைசியாக...

கரித்தூள்:
இது ரெண்டாவது கடைசி.